வெள்ளை பூத்த பாளம், இறுகிய கலவை, காறல் வாடை: பேக்கிங் சாக்லேட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், பேக்கிங் பொருள் விற்கும் எங்கள் கடைக்கு வருகிற புகார்கள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். பாளத்தின் மேல் வெள்ளை பூத்திருக்கிறது, உருக்கும்போது திடீரென்று இறுகிவிட்டது, கேக்கின் மேல் ஊற்றியது உறையவே இல்லை, ஒரு மாதிரி வாடை வருகிறது என்று ஆண்டுதோறும் அதே கேள்விகள் வரும். அவற்றில் பெரும்பாலானவற்றில் சாக்லேட் கெட்டிருக்காது. அதை வைத்த இடத்திலோ, அதைவிட முக்கியமாகக் குளிரிலிருந்து வெளியே எடுத்த விதத்திலோதான் கோளாறு இருக்கும். உங்கள் சாக்லேட்டில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்பிற்கு நேராகச் சென்று படிக்கலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன்.

எதற்கும் முன்பு: உறையைப் படியுங்கள்

பாக்கெட்டின் பின்புறத்தில் மூன்று செய்திகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது பொருட்பட்டியல். முதன்மைக் கொழுப்பாகக் கோகோ வெண்ணெய் இருந்தால் அது அசல் சாக்லேட். பூச்சு வேலைக்கென்று கோகோ வெண்ணெய் கூடுதலாகச் சேர்த்ததைக் கூவர்சர் என்கிறோம். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு அல்லது ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று அச்சிட்டிருந்தால் அது காம்பவுண்ட். நம்மூர் வீட்டு பேக்கர்கள் வாங்கும் 400, 500 கிராம் பாளங்களில் பெரும்பகுதி காம்பவுண்டுதான். இரண்டும் கெடுகிற விதமும் வேறு, சரிசெய்கிற விதமும் வேறு என்பதால் கையில் இருப்பது எது என்று தெரியாமல் மேலே போக வேண்டாம்.

இரண்டாவது தேதி. மூன்றாவது பேட்ச் எண். பாளத்தை உடைத்து டப்பாவில் போட்டவுடன் உறையைக் குப்பையில் எறிவது பலருக்கும் வழக்கம். அப்படிச் செய்யாமல், தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பகுதியைக் கத்தரித்து டப்பாவின் மூடியில் ஒட்டி வைக்கவும். 2022 ஜூன் மாதத்தில் பெல்ஜியம் நாட்டில் உள்ள பாரி காலெபோ நிறுவனத்தின் பெரிய சாக்லேட் ஆலை ஒன்றில், லெசித்தின் (சாக்லேட் கலவை சீராக இளகச் சேர்க்கும் பொருள்) வழியாக வந்த சால்மொனெல்லா கிருமி கண்டறியப்பட்டு உற்பத்தியே நிறுத்தப்பட்டது. அப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில், நம் டப்பாவில் இருப்பது அந்தப் பேட்ச்தானா என்று சொல்ல அந்தத் துண்டுக் காகிதத்தைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி 1: மேற்பரப்பில் வெள்ளை அல்லது சாம்பல் படலம்

இது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: கொழுப்பு வெளியே வந்து படிந்தது, சர்க்கரை கரைந்து படிந்தது, அல்லது பூஞ்சணம். பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். சுத்தமான, உலர்ந்த விரல் நுனியைப் படலத்தின் மேல் வைத்துப் பத்து விநாடி மெல்லத் தேய்க்கவும். பிறகு வேறோர் இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கவும். சோதித்த துண்டை உருக்கும் பாத்திரத்தில் சேர்க்காமல் தனியே வைத்துவிட வேண்டும்.

*விரலில் வழுக்கி, படலம் மறைந்து, கரும்பழுப்பு நிறம் திரும்பினால். தண்ணீர்ச் சொட்டு பரவாமல் உருண்டு நின்றால்*

இது கொழுப்புப் படலம். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மே மாதத்தில் நம் சமையலறை அலமாரி அந்த அளவை எளிதாகத் தொடும். பகலில் இளகி, இரவில் மெல்ல உறைந்து, மறுநாள் மீண்டும் இளகும்போது கொழுப்பு மேலே வந்து படிகிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் வெளிறிய திட்டுகள் தெரியக்கூடும். வாயில் போட்டால் கரகரவென்று உதிரும். ஆனால் உடலுக்கு எந்தக் கேடும் இல்லை.

கேக், பிரௌனி, கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) ஆகியவற்றிற்கு அப்படியே பயன்படுத்தலாம். மேற்பூச்சிற்கோ அச்சில் வார்ப்பதற்கோ வேண்டுமானால், அசல் சாக்லேட்டை முழுவதுமாக உருக்கி மீண்டும் டெம்பர் செய்ய வேண்டும், அதாவது பளபளப்பாக உறையும்படி சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்த வேண்டும். டார்க் வகையை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, 27–28க்குக் குளிரவைத்து, மறுபடியும் 31–32க்குக் கொண்டுவர வேண்டும். பால் சாக்லேட்டிற்கும் வெள்ளைக்கும் இந்த அளவுகள் எல்லாம் சில டிகிரி குறைவு. காம்பவுண்டிற்கு டெம்பர் தேவையில்லை. உருக்கி ஊற்றினாலே போதும்.

*சொரசொரவென்று இருந்து, தேய்த்தும் மறையாவிட்டால். தண்ணீர்ச் சொட்டு பட்ட இடத்தில் படலம் கரைந்தால்*

இது சர்க்கரைப் படலம், ஈரத்தின் வேலை. பாளத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூட்டோடு சூடாகப் பிரித்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் முத்து முத்தாக வியர்த்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் பொடிப்பொடியாக விட்டுச் சென்றிருக்கிறது.

கடலோர ஊர்க்காரர்கள் இதில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அறை 30 டிகிரியிலும் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டிலும் இருந்தால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மீதும் தண்ணீர் படியும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் வியர்க்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 22 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் வைத்த பாளத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து உடனே பிரித்தாலும் வியர்க்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் ஆண்டின் பல மாதங்களுக்கு இதுதான் நிலை.

சர்க்கரைப் படலம் பிடித்தது உண்ணத் தகுந்ததே. மாவில் கலக்கும் வேலைகளுக்கும், கிரீம் சேர்க்கும் கனாஷுக்கும் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். கரைந்து பெருத்த சர்க்கரைப் படிகம் உருக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், பூச்சிற்கும் அச்சிற்கும் இது உதவாது.

*படலம் ஒரே சீராக இல்லாமல், மெல்லிய மயிரிழைகளாக எழும்பி நின்றால்; பச்சை, கறுப்பு நிறம் கலந்தால்; மழைக்கால அலமாரியின் மக்கிய வாடை வந்தால்*

இது பூஞ்சணம். வெறும் சாக்லேட்டில் ஈரம் மிகக் குறைவு என்பதால் அவ்வளவு எளிதில் பூஞ்சணம் பிடிக்காது. பிடித்திருக்கிறதென்றால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம். முழுப் பாக்கெட்டையும் அப்புறப்படுத்தி, டப்பாவை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தவும்.

எறிவது எதுவானாலும் வீட்டு நாய்க்கோ தெரு நாய்க்கோ போட்டுவிடக் கூடாது. கோகோவில் உள்ள தியோப்ரோமின் நாய்களுக்கு நஞ்சு. கோகோ மிகுந்த டார்க் வகை சிறிதளவே ஆபத்தாக முடியும். தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லவும்.

அறிகுறி 2: கூரியரில் வந்த பாளம் உருகி உருமாறியிருக்கிறது

முதலில் உறையைத் திறக்காமலே ஒளிப்படம் எடுத்துக்கொள்ளவும். அடுத்து, உள்ளுறை கிழிந்திருக்கிறதா, மூலையில் கொழுப்புக் கசிந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

உறை முழுமையாக இருந்தால், உருகி உறைந்ததனால் மட்டும் அது கெட்டதாகாது. இளகிய நிலையில் கையில் கிடைத்தால் உடனே பிரிக்க வேண்டாம். தட்டையாகப் படுக்கவைத்து, ஏசி அறையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ உறையுடனேயே இறுகவிட வேண்டும். பிறகு அறிகுறி 1இல் கொழுப்புப் படலத்திற்குச் சொன்னதைப் பின்பற்றலாம்.

உறை கிழிந்து, உள்ளே இருந்தது வெளி அட்டையைத் தொட்டிருந்தால் பயன்படுத்த வேண்டாம். விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள். உருக்கினால் கிருமி செத்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சாக்லேட்டை உருக்கும் 45, 50 டிகிரிச் சூடு கிருமிகளைக் கொல்லப் போதாது. போதாக்குறைக்கு, ஈரம் குறைந்த கொழுப்பிற்குள் இருக்கும் சால்மொனெல்லா மாதக்கணக்கில் பெருகாமலே பிழைத்துக் கிடக்கும் தன்மையுடையது.

வெயிற்காலம் முழுவதற்கும் தேவையானதைப் பங்குனிக்குள் வாங்கி வைத்துக்கொள்வது, கடைக்காரனாகிய நான் சொல்லக் கூடாத யோசனை. ஆனாலும் அதுதான் சரியானது.

அறிகுறி 3: உருக்கும்போது கட்டிதட்டி இறுகுகிறது

பளபளவென்று இளகிவந்த கலவை, ஒரு கணத்தில் பளபளப்பு இழந்து, கரண்டியைச் சுற்றிச் சுருண்டு, பாத்திரத்தின் ஓரத்தை விட்டுவிடும். உடனே அடுப்பை அணைத்துவிட்டுக் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

*பாத்திரத்திலோ கரண்டியிலோ ஈரம் இருந்ததா?* ஒரு சொட்டே போதும். மரக்கரண்டி வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். சிலிக்கான் கரண்டியோ நன்கு துடைத்த எவர்சில்வர் கரண்டியோ நல்லது.

*டபுள் பாய்லரில் ஆவி ஏறியதா?* மேல்பாத்திரம் கீழ்ப்பாத்திரத்தின் வாயைவிட அகலமாக இருந்து, ஓரங்கள் வெளியே நீண்டு நிற்க வேண்டும். தண்ணீர் மேல்பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, கொதிக்கவும் கூடாது. மேலே மூடி போடவே கூடாது; மூடியில் படியும் நீர் நேராகச் சாக்லேட்டில்தான் சொட்டும்.

*குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக உடைத்துப் போட்டீர்களா?* அப்படியானால் துண்டுகள் வியர்த்து, அந்த ஈரமே கலவையை இறுக்கியிருக்கும். என் கணிப்பில் கோடையில் வருகிற "இறுகிவிட்டது" புகார்களுக்கு முதல் காரணம் இதுதான். எல்லாரும் ஆவியைத்தான் குறை சொல்வார்கள்.

*தீய்ந்த வாடை வருகிறதா?* அப்படியானால் சூடு மிஞ்சிவிட்டது. டார்க் வகை சற்றுத் தாங்கும். பால் சேர்ந்த வகைகளும் வெள்ளையும் 45 டிகிரியைத் தாண்டினாலே தடிக்கத் தொடங்கும். மைக்ரோவேவில் பாதித் திறனில் 15, 20 விநாடிகளாக வைத்து, ஒவ்வொரு முறையும் கிளறி, கடைசித் துண்டுகளைப் பாத்திரத்தின் சூட்டிலேயே கரையவிட வேண்டும். தீய்ந்த வாடை ஏறியதை மீட்க முடியாது.

ஈரத்தால் இறுகியதை மீட்க வழி இருக்கிறது, கேட்கும்போது முரணாகத் தோன்றினாலும்: இன்னும் நீர் சேர்க்க வேண்டும். 60 கிராம் சாக்லேட்டிற்குக் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் சூடான பாலோ கிரீமோ தண்ணீரோ ஊற்றி, நடுவிலிருந்து வேகமாகக் கலக்கினால் கட்டி கரைந்து கனாஷ் பதத்திற்கு வந்துவிடும். அதை நிரப்பியாகவும் சாஸாகவும் பயன்படுத்தலாம். ஆனால் அது இனி உறைந்து உடையும் பூச்சாகாது. ஆர்டருக்கான பூச்சு வேலை கையில் இருந்தால் புதுப் பாளத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி 4: உருகுகிறது, ஆனால் கூழாக நிற்கிறது, அல்லது ஊற்றியபின் உறையவில்லை

கூழாக நிற்பது சிப்ஸாக இருந்தால் அதில் குற்றமில்லை. அடுப்பில் உருவம் கலையாமல் நிற்பதற்காகக் கொழுப்பைக் குறைத்துச் செய்தது அது. பாளமாக இருந்தும் கூழாக நின்றால், திறந்து கிடந்த நாட்களில் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கிறது என்று பொருள். அசல் சாக்லேட்டிற்குச் சிறிது கோகோ வெண்ணெயும், காம்பவுண்டிற்கு ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பும் சேர்த்துத் தளர்த்தலாம். சாதாரண வெண்ணெயில் நீர் இருப்பதால் அது பொருந்தாது.

உறையாமல் ஒட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அறைச் சூடாக இருக்கலாம். 30 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் அசல் சாக்லேட் உறையும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது காரணம், டெம்பர் செய்யாமல் ஊற்றியது. மூன்றாவதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை: பாதிப் பாளம் காம்பவுண்டும் பாதிப் பாளம் கூவர்சரும் சேர்த்து உருக்கியிருப்பார்கள். பனைக்கொட்டை எண்ணெய் போன்ற கொழுப்பும் கோகோ வெண்ணெயும் ஒன்றையொன்று உறையவிடாமல் இளக்கிவிடும். உறைந்தாலும் சில நாட்களில் வெள்ளை பூக்கும். மிச்சத் துண்டுகளை ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் வழக்கத்தால்தான் இது நேர்கிறது. டப்பாக்களைத் தனித்தனியாக வைத்து, மூடியில் பெயர் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அறிகுறி 5: வேறு வாடை, வேறு சுவை

சாக்லேட்டின் கொழுப்பு பக்கத்தில் இருப்பதன் வாடையையெல்லாம் வாங்கிக்கொள்ளும். எந்த வாடை என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

*பெருங்காயம், வெங்காயம், மீன், சாம்பார்ப் பொடி, பாச்சா உருண்டை.* முதல் நான்கும் உணவு வாடை. கேடில்லை, ஆனால் சுவையில் கட்டாயம் தெரியும். காபித் தூள் சேர்க்கும் பிரௌனியில் ஓரளவு மறையலாம் என்று சொல்வார்கள். பெருங்காயம் எதிலும் மறையாது என்பது என் அனுபவம். பாச்சா உருண்டை எனப்படும் நாப்தலீன் வாடை ஏறியதை யோசிக்காமல் எறிந்துவிட வேண்டும், அது நஞ்சு.

*பழைய எண்ணெயின் சிக்கு வாடை, தொண்டையில் கரிக்கும் காறல்.* கொழுப்பு கெட்டுவிட்டது. வெள்ளைச் சாக்லேட்டிலும், முந்திரி பாதாம் கலந்தவற்றிலும் இது முதலில் வரும். டார்க் வகையில் கோகோவின் இயற்கைச் சேர்மங்கள் காப்பதால் தாமதமாக வரும். ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்து இளகவிட்டால் ஐயமின்றித் தெரியும். மீட்க வழியில்லை.

*வாயில் சோப்புச் சுவை.* இது பெரும்பாலும் காம்பவுண்டிற்கே உரிய கோளாறு. அதில் உள்ள பனைக்கொட்டை எண்ணெய் வகைக் கொழுப்பு ஈரமும் பூஞ்சண நொதியும் பட்டுச் சிதையும்போது லாரிக் அமிலம் பிரிகிறது. அதன் சுவைதான் சோப்புச் சுவை. வாடை பெரிதாகத் தெரியாது என்பதால், பழைய காம்பவுண்டை முகர்ந்து மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளாமல், கேக் முழுவதிலும் கலப்பதற்கு முன் கட்டாயம் சுவைத்துப் பார்க்க வேண்டும். சோப்புச் சுவை ஏறிய பாளமும் குப்பைக்குத்தான்.

அறிகுறி 6: துளை, நூலாம்படை, பொடி

பாளத்தில் குண்டூசித் துளைகளும், மூலையில் மெல்லிய நூற்பின்னலும், அடியில் ரவைக் குருணை அளவில் பழுப்புப் பொடியும் தெரிந்தால் அந்துப்பூச்சியின் புழு இறங்கியிருக்கிறது. முந்திரி, பாதாம், உலர்திராட்சை, மைதா ஆகியவற்றில் வளரும் அதே அந்துதான் சாக்லேட்டிற்கும் வரும். மெல்லிய பிளாஸ்டிக் உறையையும் அந்தப் புழு கடித்துத் துளைத்துவிடும் என்பதால், உறை மூடியிருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது.

தாக்கிய பாக்கெட்டை உறையில் கட்டி வீட்டிற்கு வெளியே எறியவும். அதே அலமாரியில் இருந்த கொட்டைகளையும் மாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவும். ஊற்றுக்கண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நன்றாக இருப்பவற்றைக் காற்றுப் புகாமல் கட்டி உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாட்கள் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் அழியும். அலமாரியின் இடுக்குகளை வெறும் துணியால் துடைத்தால் போதாது. உறிஞ்சியால் இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சாக்லேட்டை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அரிசி வண்டிற்கு ஒரு மாடி வீடு கட்டிக் கொடுப்பதற்கு அது சமம்.

சுத்தம் செய்தபின்னும் மாதம் ஒரு முறையாவது அலமாரிக்குள் சிறு அந்துகள் பறந்தால், உணவுக்கூடங்களில் வேலை செய்து பழக்கமுள்ள பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை அழைக்கும் கட்டம் வந்துவிட்டது. உணவுப்பொருள் வைக்கும் அலமாரியில் நீங்களாகப் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம்.

அறிகுறி 7: பார்க்க நன்றாக இருக்கிறது, தேதி கடந்துவிட்டது

பிரிக்காமல், 15 முதல் 18 டிகிரிக்குள் வைத்திருந்தால் டார்க் சாக்லேட் தயாரித்த நாளிலிருந்து 18 முதல் 24 மாதமும், பால் சாக்லேட் 12 முதல் 18 மாதமும், வெள்ளையும் காம்பவுண்டும் ஏறத்தாழ 12 மாதமும் தாங்கும். இது குளிர்ந்த கிடங்கிற்கான கணக்கு. கத்திரி வெயிலில் சமையலறை அலமாரியில் கிடந்த பாக்கெட்டிற்கு அந்தத் தேதியை அப்படியே நம்ப முடியாது.

அச்சிட்டிருப்பது எந்தத் தேதி என்பதைப் பாருங்கள். இறக்குமதிப் பாக்கெட்டுகளில் காணும் "பெஸ்ட் பிஃபோர்" என்பது தரத்தைக் குறிக்கும் தேதி. அது கடந்தபின் நிறமும் மணமும் குறையலாம். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி இங்கு விற்கும் பாக்கெட்டில் காலாவதித் தேதியே கட்டாயம்.

சொந்த வீட்டிற்கு என்றால், தர நாள் கடந்த டார்க் வகையை அறிகுறி 1, 5, 6 ஆகியவற்றின் சோதனைகளில் தேறினால் சில மாதங்கள் வரை பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை. வெள்ளைக்கும் கொட்டை கலந்ததற்கும் அந்தச் சலுகையை நான் தரமாட்டேன். காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறவர்கள், அது வீட்டிலிருந்தே நடத்தும் தொழிலாக இருந்தாலும், காலாவதியான பொருளைச் சேர்க்கவே கூடாது. அது சட்டப்படி குற்றம்.

லேபிளே இல்லாமல் ஜிப் உறையில் பிரித்துக் கட்டி விற்கும் சிப்ஸுக்கு எந்தத் தேதியும் கிடையாது. விலை குறைவு என்பதற்காக அதை வாங்கினால், கேள்வி வரும்போது காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. திறக்காத பாக்கெட்டில் பூஞ்சணமோ புழுவோ கண்டால், பாக்கெட்டையும் ரசீதையும் வைத்துக்கொண்டு முதலில் விற்றவரிடமும், அங்கே பதில் இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் புகார் செய்யலாம்.

அறிகுறி 8: கனாஷ் புளிக்கிறது, நுரைக்கிறது

கிரீம் சேர்ந்த கணத்திலேயே அது சாக்லேட்டின் கணக்கிலிருந்து பாலின் கணக்கிற்கு மாறிவிடுகிறது. வெளியே இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்க வேண்டாம். அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரந்தான். குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் ஒரு வாரம். புளித்த வாடை, சிறு குமிழிகள், ஓரத்தில் நீர் பிரிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மீண்டும் கொதிக்கவைத்துப் பயன்படுத்த முயலாமல் கொட்டிவிட வேண்டும். சாப்பிட்டவர்களுக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் அனுப்பி, என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லச் சொல்லவும்.

அறிகுறி 9: என்ன செய்தாலும் மீண்டும் மீண்டும் வெள்ளை பூக்கிறது, வியர்க்கிறது

இப்போது பாளத்தை விட்டுவிட்டு இடத்தைப் பார்க்க வேண்டும்.

*செலவில்லாத காரணம்: இடம்.* அடுப்பிற்கு மேலுள்ள அலமாரி, குளிர்சாதனப் பெட்டியின் தலை, மேற்குச் சுவர் ஆகிய மூன்றும் ஆகாது. தரைமட்ட அலமாரியில், கிழக்கு அல்லது வடக்குச் சுவரை ஒட்டி வைத்தாலே சில டிகிரி குறையும். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைப்பது குளிர்ச்சி தருவதுபோல் தோன்றினாலும், கூடவே ஈரத்தையும் தரும்.

*அடுத்தது: கட்டும் முறை.* பங்குனி முதல் ஆவணி வரை ஏசி இல்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் தவிர்க்க முடியாது. அதற்கு இப்படிச் செய்யவும்: பாளத்தைப் பட்டர் தாளில் சுற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் உறையில் இட்டு, அதை ரப்பர் விளிம்புள்ள டப்பாவிற்குள் வைத்து மூட வேண்டும். காய்கறித் தட்டு சற்றுக் குளிர் குறைந்த இடம் என்றாலும் ஈரம் மிகுந்தது. டப்பா இல்லாமல் அங்கே வைக்க வேண்டாம். வெளியே எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் மூன்று, நான்கு மணி நேரம் அப்படியே விடவும். காலை வேலைக்கு முந்தைய இரவே எடுத்து வைப்பது இன்னும் எளிது. வியர்வை டப்பாவின் வெளிப்புறத்தில் படிந்து வழியும். அதைத் துடைத்துவிட்டுத் திறந்தால் உள்ளே பாளம் உலர்ந்தே இருக்கும். உறைநிலைப் பெட்டியில் வைத்திருந்தால், ஓர் இரவு கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் பிறகு வெளியே எடுக்க வேண்டும். ஐந்து கிலோவை ஒரே டப்பாவில் வைத்து ஐம்பது முறை திறப்பதைவிட, ஒரு வேலைக்கு ஆகும் அளவாகப் பிரித்து வைப்பது நல்லது.

*சில நூறு ரூபாய்ச் செலவு: வெப்பமும் ஈரமும் காட்டும் சிறு கருவி.* சாக்லேட் வைக்கும் அலமாரியில் ஒரு வாரம் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கும் விடியற்காலையிலும் குறித்துக்கொள்ளவும். 20 டிகிரிக்குள்ளும், ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்குள்ளும் நின்றால் இடம் சரி. பகலுக்கும் இரவுக்கும் நடுவே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால், சராசரி நன்றாக இருந்தாலும் வெள்ளை பூக்கும்.

*அதற்கடுத்தது: குளிர்சாதனப் பெட்டியே கோளாறாக இருப்பது.* கதவு விளிம்பின் ரப்பருக்கிடையே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று புகுகிறது. நான்கு பக்கமும் சோதித்து, முதலில் ரப்பரை வெந்நீர்த் துணியால் துடைத்து அழுக்கு எடுக்கவும். பல நேரங்களில் அதுவே போதுமானது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைக்கவும். திருகி நடு அளவில் இருந்தும் தண்ணீர் 7, 8 டிகிரிக்கு மேல் காட்டினால், அல்லது உட்சுவரில் நீர் வழிந்துகொண்டே இருந்தால், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். அந்த நிலையில் கெடப்போவது சாக்லேட் மட்டுமில்லை, பாலும் இறைச்சியும் கூடத்தான். அடிக்கடி மின்வெட்டு உள்ள பகுதி என்றால், மின்சாரம் போன நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதும் இதில் சேர்த்தி.

*கடைசியும் அதிகச் செலவும்: தனிக் குளிர்பெட்டி.* வாரம் முழுதும் பூச்சு வேலையும் அச்சு வேலையும் செய்கிறவர்கள் 15 முதல் 18 டிகிரி வரை நிறுத்தக்கூடிய குளிர்பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் வழி; வைன் வைப்பதற்கென்று விற்கும் பெட்டிகளே இதற்குப் பொருந்தும். வீட்டிற்கு மாதம் ஒரு கேக் செய்பவர்களுக்கு இது வீண்செலவு. வாங்கும் முன், உள்ளே நீர் படியாத வகையா என்பதையும், 40 டிகிரி வெளிச்சூட்டில் எவ்வளவு குளிர்ச்சி தரும் என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவும். மலிவான சிறு பெட்டிகள் பல, வெளிச்சூட்டைவிடக் குறிப்பிட்ட டிகிரி மட்டுமே குறைக்கக்கூடியவை, நம் மே மாதத்தில் அவை 25ஐக்கூடத் தொடாமல் போகலாம்.